வேலையை விடாமலே பி.எட். முடிக்க முடியுமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 31. 2015-ல் பி.எஸ்சி. கணிதம் (கணினிப் பயன்பாடுகளுடன்) முடித்தவர், 48 சதவீத மதிப்பெண். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பிளஸ் டூ வரை தமிழ்வழி, கல்லூரியில் ஆங்கிலவழி. கணவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், யு.கே.ஜி. படிக்கிறாள். நான்கு வருடமாக ஒரு தனியார் பள்ளியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறார், சம்பளம் 9,000 ரூபாய். இப்போது பள்ளி நிர்வாகம், "பி.எட். முடித்தால்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டது. வெளிமாநிலக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் ஒருவர், "கல்லூரிக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று 1.5 லட்சம் கேட்கிறார். தோழி, முதலில் தொலைநிலையில் எம்.எஸ்சி. முடிக்கச் சொல்கிறார். மாமனாரோ, பி.எட். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் மூப்பு அடிப்படையில் அரசு வேலை வரும் என்கிறார். தமிழ்வழி இட ஒதுக்கீடும் தனக்கு உண்டு என்று வாசகி நம்புகிறார். கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "ஒரு பையன் மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருது என்று கேட்டான். அது விதி என்று சொல்லிவிட்டேன். 48 சதவீதம் வாங்கிய எனக்கெல்லாம் கணக்கு டீச்சராகத் தகுதி இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு வருடமாக ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய பிறகும் கணக்கு டீச்சராகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. உங்கள் வழி அடைபடவில்லை. ஆனால் எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், கையில் வருவது எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழா, சரிபார்ப்பு மேசையில் திருப்பி அனுப்பப்படும் காகிதமா என்பது தெரியும். ஆகவே பணத்தைக் கேட்கும் ஆளிடமிருந்தே தொடங்குகிறேன்.

வராமலே கிடைக்கும் பி.எட்.

வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு வருடப் படிப்பு. வருடத்துக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம். வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். இரண்டு வருடத்திலும் சேர்த்து 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். "வரவே வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் வராத நாட்களுக்கு உங்கள் பெயரில் வேறு யாரோ பொய்யாக வருகை போடப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பொய்க்குக் கீழே இருக்கப் போவது உங்கள் கையெழுத்து.

இது எப்படி வெளியே வரும் என்று நினைக்கலாம். மிக எளிதாக வரும். நீங்கள் இப்போதைய பள்ளியில் தினமும் கையெழுத்துப் போடுகிறீர்கள். நாளை அனுபவச் சான்றிதழ் வாங்குவீர்கள். அதே இரண்டு வருடம் வேறு மாநிலத்தில் முழுநேர மாணவியாக இருந்ததாகப் பட்டச் சான்றிதழ் சொல்லும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும். தேர்வில் ஜெயித்து, மெரிட் பட்டியலில் பெயர் வந்து, அந்தக் கட்டத்தில் வெளியேறுவதைவிட இன்று 1.5 லட்சத்தைக் காப்பாற்றிக்கொள்வது மேல்.

அஞ்சல்வழி பி.எட். உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் உங்களுக்கு இல்லை. ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் இருப்பவர்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடியாகப் படித்து முடித்தவர்களுக்கும்தான் தொலைநிலை பி.எட். அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி எதுவும் இல்லாமல் பள்ளியில் வேலை பார்த்த வருடங்களை அதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வருட பி.எட். மறுபடி வரப் போகிறது என்றும் பேச்சு அடிபடுகிறது. 2025-ல் வந்த வரைவு விதிமுறையில் அது முதுகலை முடித்தவர்களுக்கும் நான்கு வருட இளங்கலை படித்தவர்களுக்கும் என்றுதான் இருந்தது. மூன்று வருட பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் பட்டம், உங்கள் மதிப்பெண்

48 சதவீதத்தை நினைத்து நீங்கள் குறுகிப்போக வேண்டாம். தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குப் பொதுப்பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் என்பதுதான் நடைமுறையில் இருந்துவரும் அளவு. நீங்கள் தாராளமாக உள்ளே வருகிறீர்கள். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளை நினைத்தால் மட்டும் 50 சதவீதம் ஒரு தடையாக வரலாம். பட்டப்படிப்பில் கணக்கோடு என்னென்ன துணைப்பாடம் படித்தீர்கள் என்றும் அங்கே பார்ப்பார்கள்.

மதிப்பெண்ணைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் பட்டத்தின் பெயர். 'கணிதம்' என்று மட்டும் இல்லாமல் 'கணினிப் பயன்பாடுகளுடன்' என்ற வால் சேர்ந்த பட்டங்களுக்கு, அது பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இணைத்தன்மை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தனித்தனியாக முடிவாகிறது. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு பரிந்துரைக்க, உயர்கல்வித் துறை அரசாணை வெளியிடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் அப்படியே எழுத்துக்கு எழுத்து அரசாணையில் இருக்கிறதா என்று பாருங்கள். படித்த கல்லூரியின் கணிதத் துறையில் கேட்டால் நகல் கிடைக்கும், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் அதே பட்டத்தோடு வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். அரசாணை இல்லை என்றால் இப்போதே பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பி.எட். சேரும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடலாம். வேலைக்குப் போகும்போது கட்டாயம் கேட்பார்கள். தேர்வில் வென்ற பிறகு இந்த ஒரு காகிதத்துக்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள் பலர்.

தமிழ்வழி இட ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, வருத்தத்தோடு சொல்கிறேன், அது உங்களுக்கு வராது. 2010-ல் வந்த சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அந்த 20 சதவீதம். உங்கள் பட்டப்படிப்பு ஆங்கிலவழி. பி.எட்.டை மட்டும் தமிழ்வழியில் எடுத்துச் சரிசெய்ய முடியாது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடும் பெண்களுக்கான 30 சதவீதமும் உங்களுக்கு இருக்கவே இருக்கின்றன.

எம்.எஸ்சி. முதலிலா?

தோழி சொல்வதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் படிப்பளவில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் போதும். எம்.எஸ்சி. தேவைப்படுவது 11, 12-ஆம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு. அதற்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், கூடவே பி.எட்.டும் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பி.எட். இல்லாமல் இரண்டு கதவும் திறக்காது. ஆகவே பி.எட். முதலில். இரண்டையும் சேர்த்தே படிக்கலாமே, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். வாரம் 36 மணி நேரம் கல்லூரி, வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை, அதற்கு மேல் முதுகலைக் கணிதமா? உங்கள் உடம்பை நினைத்து வேண்டாம் என்கிறேன். அப்புறம், இரட்டைப் பட்டத்தை வேலை கொடுப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வியையும் நீங்களாக விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

"அது விதி" என்று சொன்னதைப் பற்றி

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று இன்னும் மனம் வருந்துகிறதே, கணக்கு ஆசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி அது. பதில் தெரியாதது உங்கள் குறை இல்லை. பி.எஸ்சி. இயற்கணிதத்தில் குலங்கள், வளையங்கள் என்று படித்திருப்பீர்கள், தேற்றங்களை நிறுவியிருப்பீர்கள். அதை ஏழாம் வகுப்புப் பையனின் கேள்விக்கு இறக்கிக் கொண்டுவர அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்குத்தான் பி.எட்.டில் கணிதம் கற்பித்தல் என்ற பாடமே இருக்கிறது.

அடுத்த முறை கேட்டால் கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இப்படி எழுதுங்கள்: 3 × (−2) = −6. 2 × (−2) = −4. 1 × (−2) = −2. 0 × (−2) = 0. இடது பக்கம் ஒவ்வொரு வரியிலும் ஒன்று குறைகிறது, வலது பக்கம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். "இரண்டிரண்டாகக் கூடுது மிஸ்" என்று யாராவது சொல்வார்கள். சரி, அடுத்த வரியில் இடது பக்கம் −1 வரும், அப்படியானால் விடை? வகுப்பே 2 என்று சொல்லும். விதி என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். இது முழுமையான நிரூபணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், ஏழாம் வகுப்புக்கு இது போதும். ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் விடாமல் கேட்டால் (−1 + 1) × (−2) என்பதைப் பங்கீட்டு விதிப்படி (−1) × (−2) + 1 × (−2) என்று பிரித்துக் காட்டுங்கள். மொத்தம் பூச்சியமாக வேண்டும், ஒரு பக்கம் −2 நிற்கிறது, அப்படியானால் மற்றது 2 ஆகத்தானே இருக்க வேண்டும்?

பள்ளிப் பயிற்சியின் 20 வாரத்தை ஒரு சடங்கு என்று பலர் சொல்வார்கள். அப்படி ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது வேறு. இதுவரை எட்டாம் வகுப்பைத் தாண்டி நீங்கள் எடுத்ததில்லை. பத்தாம் வகுப்பில் உறவுகளும் சார்புகளும், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்று போகும், பொதுத்தேர்வும் இருக்கும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளை, அதே பழக்கத்தோடு பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கும் வந்து உட்காரும். அந்தப் பிழை எங்கே தொடங்கியது என்று தேடிப் போவது அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் வகுப்பைக் கவனித்து, மாலையில் உங்களோடு பேசும்போது கைவரும். 1.5 லட்சம் கொடுத்து இதைத்தான் இழக்கப் பார்த்தீர்கள்.

பி.எட்.டுக்கு அப்புறம்

மாமனார் சொல்லும் பதிவு மூப்புக் காலம் ஒன்று இருந்தது, அவர் பொய் சொல்லவில்லை. இன்று அரசுப் பள்ளிக்கு அந்த வழி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்கீழ் 2010-ல் வந்த அறிவிக்கையால், 8-ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், கட்டாயமானது. தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் 6 முதல் 10 வரை எடுப்பதால் டெட் இரண்டாம் தாள் உங்களுக்கு வேண்டும். 150 வினா, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் உளவியலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும். அறிவியலைக் கணக்கு ஆசிரியர்கள் கைவிட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள். பொதுவான தேர்ச்சி 90 மதிப்பெண். பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை உண்டு, அது எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். தேர்ச்சிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

டெட் தேர்ச்சி என்பது வேலை இல்லை, வேலைக்கான போட்டியில் நிற்க அனுமதி. 2018-ல் வந்த அரசாணைக்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் நடந்த தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தாள், அதில் 50-க்கு 20 எடுத்தால்தான் பாடத் தாளைத் திருத்தினார்கள். பாடத் தாள் பட்டப்படிப்பு அளவில் இருக்கும் என்பதால் பழைய பி.எஸ்சி. புத்தகங்களைத் தூசி தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஓர் உண்மையை மறைக்க முடியாது. இந்த அறிவிக்கைகள் வருடா வருடம் வருவதில்லை. 2013-ல் டெட் எழுதித் தேர்ச்சி பெற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் பத்து வருடம் வேலைக்காகக் காத்திருந்தார்கள். அரசு வேலை கிடைத்தால் 36,400 ரூபாயில் தொடங்கும் ஊதிய நிலை, அது பெரிய விஷயம்தான். ஆனால் அதை மட்டுமே நம்பி இரண்டு வருடத்தைச் செலவு செய்யாதீர்கள். பி.எட்.டும் டெட்டும் முடித்த கணக்கு ஆசிரியருக்கு நல்ல தனியார் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் இன்று உங்களுக்குக் கிடைக்கும் 9,000-ஐவிட நல்ல இடம் கிடைக்கும். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், பணியில் இருக்கும் ஆசிரியர்களும்கூட, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் பற்றிய கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் நிர்வாகம் திடீரென்று கறார் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். 2023-ல் ஆசிரியர் நியமனத்துக்கான வயது உச்சவரம்பைப் பொதுப்பிரிவுக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 58 என்றும் உயர்த்தினார்கள். படித்து முடிக்கும்போது உங்களுக்கு 33 தான்.

வீட்டுப் பணம்

வேலையை விட்டுத்தான் படிக்க வேண்டும் என்பதால் இரண்டு வருடம் 9,000 ரூபாய் வராது, கல்லூரிச் செலவும் சேரும். இதை உங்கள் வீட்டுக்காரரோடு தாளில் எழுதிப் பேசுங்கள். அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிக்கும் முதலில் விண்ணப்பியுங்கள், அங்கே கட்டணம் சுயநிதிக் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. உங்கள் பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் பெண்களுக்கென்று புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, புனித சவேரியார் கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சி., அன்னம்மாள் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தினமும் போய்வர முடியுமா என்று பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள், 80 சதவீத வருகை என்பது இரண்டு வருடப் பயணம். சுயநிதிக் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், அதற்கு ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இருக்கின்றனவா என்று அந்த இணையதளங்களில் நீங்களே பாருங்கள், அலுவலகத்தில் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வங்கிக் கல்விக் கடன் பி.எட்.டுக்கும் உண்டு, 4 லட்சம் வரை நீங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை. மாலையில் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனால் பள்ளிப் பயிற்சி நடக்கும் 16 வாரமும் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

பள்ளியை விட்டு வரும்போது

கடைசிப் பக்க ஓரத்தில், அசல் சான்றிதழ்களைப் பள்ளியிலேயே வாங்கி வைத்திருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பி.எட். சேர்க்கைக்கு அசல் இல்லாமல் போக முடியாது. ஊழியரின் கல்விச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. கல்வியாண்டு முடியும் வரை பாடம் எடுத்து, பிள்ளைகளைப் பாதியில் விடாமல், முறையாக ராஜினாமா கடிதம் கொடுங்கள். அதே கடிதத்தில் அசல் சான்றிதழ்களையும், சேர்ந்த தேதி, விலகும் தேதி, எடுத்த வகுப்புகள், பாடம் எல்லாம் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழையும் கேளுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். 15 நாளில் பதில் இல்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள், தபால் ரசீதின் நகலையும் இணைத்து.